கணினி நுழையும் வாயிலில் தமிழ் வெளியேறுவதா?

தமிழ்நாட்டில் வணிகர் கழகம் இல்லாத ஊர் அரிது. அரிசி வணிகர்க்கு ஒன்று, துணி வணிகர்க்கு ஒன்று, இரும்புக் கடையினர்க்கு ஒன்று, அனைவர்க்கும் பொதுவாய் ஒன்று எனக் கடைத்தெரு இருக்கும் இடமெல்லாம் கழகமும் இருக்கின்றது. அக்கழகங்களின் அலுவலகங்களில் இற்றை நாளில் ஒரு மாற்றம் நடந்துவருகின்றது. சிவப்புத் துணியுறையிட்ட பேரேடுகள் பரணுக்கு ஏறுகின்றன. அவை இருந்த மேசைமேல் கணினி வந்து அமர்கின்றது. உறுப்பினர் பட்டியல், ஆண்டுக் கட்டணம், பற்றுச்சீட்டு, கூட்ட அறிவிப்பு, வாக்காளர் பட்டியல் அனைத்தும் அதனுள் போகின்றன. 2017 சூலை முதல் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்து, வரியறிக்கைகள் இணையவழியே செல்லும் நிலை ஏற்பட்டபின், கடைக்கணக்கே கணினிக்குள் குடியேறிவிட்டது. கழகக் கணக்கு மட்டும் வெளியே நிற்பது எங்ஙனம்?

இம்மாற்றம் வேண்டுவதே. கரையான் அரித்த ஏட்டைக் காட்டி 'இதுதான் எம் மரபு' என்று பெருமை பேசுவது மரபன்று, மடமை. ஆனால், கணினி உள்ளே நுழைகின்ற அதே வாயில் வழியே தமிழ் வெளியே தள்ளப்படுகின்றதே, அதைத்தான் எவரும் கேட்பதில்லை. நேற்றுவரை தமிழில் எழுதப்பட்ட உறுப்பினர் பெயர் இன்று ஆங்கில எழுத்தில் நிற்கின்றது. நேற்றுவரை தமிழில் கொடுக்கப்பட்ட பற்றுச்சீட்டு இன்று ஆங்கிலத்தில் அச்சாகின்றது. நேற்றுவரை தமிழில் படிக்கப்பட்ட வரவுசெலவு இன்று ஆங்கிலத்தில் கைப்பேசிக்கு வருகின்றது. இவ்வளவும் எவரும் தீர்மானம் போட்டுச் செய்ததன்று. எவரும் தடுக்காமையால் நடந்தது. பகைவன் படையெடுத்து வந்து பறித்த உரிமையை மீட்க வழியுண்டு. தானே கைநழுவவிட்டு, நழுவவிட்டதையும் அறியாதிருப்பவனை என்னென்பது?

கல்லில் எழுதிய கழகத்தார்

வணிகர் கழகம் என்பது மேலைநாட்டார் கற்றுக்கொடுத்த அமைப்பு என்று கருதுவோர் உளர். அறியாமை! மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்றெல்லாம் கல்வெட்டுகளில் பெயர் நிற்கும் குழுக்கள் கூடி முடிவெடுத்தவை. சரக்குக்கு இவ்வளவு என்று தமக்குத் தாமே கட்டணம் விதித்துக்கொண்டு அறப்பணிகளுக்கு அளித்தவை.

சுமத்திராத் தீவின் மேலைக்கரையில் பாரூசு என்னும் துறையருகே, உலோபுத்துவா என்னும் இடத்தில், 1873ஆம் ஆண்டு ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தது. சக ஆண்டு 1010, அஃதாவது கி.பி. 1088இல் பொறிக்கப்பட்டது அது. அதில் உள்ளது எந்த அரசனின் போர்ப்புகழும் அன்று. ஐந்நூற்றுவர் கூடி, கலத்தலைவன் முதலானோர் கத்தூரி விலைக்கேற்பப் பொன்னாகச் செலுத்தவேண்டிய தொகையை வரையறுத்த முடிவு அது. இற்றைச் சொல்லில் கூறினால், ஒரு வணிகர் கழகத்தின் கட்டண அறிவிப்பு! ஐந்நூற்றுவர் குழுவில் வேற்றுமொழி வணிகரும் இருந்தனர். ஆயினும் தமிழ் வணிகர் நின்ற துறையில் தமிழே எழுதப்பட்டது.

சீனத்தின் சுவன்சௌத் துறைநகரில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. சீனக் கடற்படைத் தலைவர் செங்கே, இலங்கைக்குக் கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்லிலோ மூன்று மொழிகள் உள்ளன: சீனம், பாரசீகம், தமிழ். உலகின் பெரும் பேரரசுகளுள் ஒன்று, இந்தியப் பெருங்கடல் வணிகரிடம் பேசத் தமிழைத் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் பர்மாவிலும் மலையாவிலும் கடைவைத்த நகரத்தார், ஆங்கிலேயன் ஆண்ட மண்ணிலேயே பற்றும் வரவும் பேரேடும் ஐந்தொகையும் தமிழில் எழுதினர். கணக்கு ஒரு காசு பிசகியதில்லை என்று பெயர் பெற்றனர்.

கடல்கடந்த மண்ணில் கட்டண அறிவிப்பைத் தமிழில் கல்லில் வெட்டினர் முன்னோர். அவர் வழிவந்தோர், தம் ஊரில், தம் தெருவில், தம் காசில் வாங்கிய கணினியில் அக்கட்டணத்துக்கு ஒரு தமிழ்ப் பற்றுச்சீட்டு எடுக்க மாட்டாமல் நிற்கின்றனர். ஆயிரமாண்டு முன்னேற்றம் இதுதானா?

வாங்கும் முறை

இது நடக்கும் வகையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செயற்குழு ஒருநாள் மாலை கூடுகின்றது. மென்பொருள் விற்பவர் ஒருவர் வந்து திரையில் படம் காட்டுகின்றார். எத்தனை உருபா, எத்தனை நாளில் முடியும், ஆண்டுதோறும் பேணுகைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கின்றனர். தேநீர் வருகின்றது, ஒப்பம் இடுகின்றனர். அது எம்மொழியில் இயங்கும் என்று கேட்பவர் எவருமில்லை.

இவர்களோ வணிகர்! ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கினால் கைவிட்டு அள்ளிப் பார்ப்பர், முகர்ந்து பார்ப்பர், எடை பார்ப்பர், கல் இருந்தால் கழிவு கேட்பர். பத்து உருபாச் சரக்கில் இத்துணைக் கூர்மை காட்டுவோர், கழகத்தின் பத்தாண்டு வாழ்வைத் தீர்மானிக்கும் பொருளை வாங்கும்போது, கொடுத்ததைக் கொடுத்தவாறே பெற்றுக்கொள்கின்றனர். விற்பவர் பழியுடையவர் அல்லர். கேளாத சரக்கைக் கொடுக்கும் கடைக்காரர் எங்கும் இல்லை.

பெயர் திரிந்தால் வாக்கும் திரியும்

'பெயரை எந்த எழுத்தில் எழுதினால் என்ன?' என்பார் அறிவாளர் சிலர். கேட்கட்டும்.

அழகர் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு 'எல்' இடுவார் ஒருவர். 'இசட்டு', 'எச்சு' என்னும் இரண்டையும் சேர்த்து இடுவார் மற்றொருவர். ஒரே ஆள் பட்டியலில் இருவராகின்றார். சண்முகத்தின் மகன் முன்னெழுத்து ஓரிடத்தில் 'எசு', மற்றோரிடத்தில் 'சி'. கட்டணம் ஒரு பெயரில் வரவு. நிலுவை மறு பெயரில் பற்று. மீண்டும் தமிழுக்குக் கொண்டுவர முயன்றால் கேடு இரட்டிக்கின்றது. ஆங்கில எழுத்தில் ணகரமும் நகரமும் னகரமும் ஒன்று. லகரமும் ளகரமும் ஒன்று. குறிலும் நெடிலும் பெரும்பாலும் ஒன்று. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது திரும்பி வரும்போது தானாக வருவதில்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ்ப் பதிவுபெற்ற கழகம் ஒவ்வொன்றும் உறுப்பினர் பதிவேடு வைத்தல் கடமை. அப்பதிவேடே வாக்குரிமைக்கு அடிப்படை. தேர்தல் நாளன்று, 'உம் பெயர் பட்டியலில் இல்லை. நிலுவை காட்டுகின்றது' என்று முப்பது ஆண்டு உறுப்பினரைத் திருப்பி அனுப்பினால், அது கணினியின் பிழை என்று சொல்லித் தப்பலாகுமா? அவர் பெயரை அவர் எழுதியவாறு எழுதாத கையின் பிழை அது.

பெயரோடு நின்றுவிடுவதன்று இக்கேடு. வரவுசெலவு அறிக்கை ஆங்கிலத்தில் வந்தால், கீரைக்கடைக்காரரும் தட்டுக்கடைக்காரரும் அதைப் படித்துக் கேள்வி கேட்பது எங்ஙனம்? கேள்வி கேட்க இயலாதவர் நாளடைவில் கூட்டத்துக்கு வருவதை விடுகின்றார். வருவோர் குறைந்தபின் கழகம் என்பது தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவராகச் சுருங்குகின்றது. அம்மூவர்க்கும் மேலே, கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனம் அமர்கின்றது. மொழி போன வழியே ஆட்சியும் போகின்றது. உறுப்பினர் கட்டணம் கட்டும் கூட்டமாக மட்டும் எஞ்சுகின்றனர். தமிழை இழப்பதில் உள்ள உண்மையான இழப்பு இதுவே.

நான்கு சாக்குகள்

இதைச் சுட்டிக்காட்டினால் நான்கு சாக்குகள் சொல்லப்படுகின்றன.

முதற்சாக்கு: 'கணினியில் தமிழ் சரியாக வராது.' இது பழைய பொய். 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாய்த் தமிழ்99 விசைப்பலகை தரப்பட்டது. மைக்கிரோசாப்டு நிறுவனத்தின் விண்டோசு 2000 இயங்குதளத்திலேயே தமிழ் இயங்கியது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. இன்று கைப்பேசியில் பேரனுக்குத் தமிழில் வாழ்த்து அனுப்பும் செயலாளரே, கழகக் கணினியில் தமிழ் வராது என்கின்றார். வராதது தமிழன்று, அவர்தம் விருப்பம்.

இரண்டாம் சாக்கு: 'விற்பவரிடம் தமிழ் இல்லை.' கேட்டால் உண்டாகும். காசு கொடுப்பவர் கழகத்தார். ஒப்பம் இடுபவர் கழகத்தார். தமிழ் இன்றேல் வாங்கோம் என்று ஒரு மாவட்டத்தின் கழகங்கள் ஒருமுகமாய்ச் சொல்லட்டும். மறு திங்களே தமிழ் வந்து நிற்கும்.

மூன்றாம் சாக்கு: 'முதலில் ஓடட்டும், தமிழைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம்.' நான்கனுள்ளும் நஞ்சு மிக்கது இதுவே, நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால். வீடு கட்டி முடித்தபின் கிணற்றுக்கு இடம் தேடுவார் உண்டோ? பெயர்களை ஆங்கிலத்தில் ஏற்றியபின், படிவங்களை ஆங்கிலத்தில் அச்சிட்டபின், அலுவலர் கை ஆங்கிலத்துக்குப் பழகியபின், மாற்றுவதற்கு ஆகும் செலவு முதற்செலவை விஞ்சும். அப்போது, 'இவ்வளவு செலவு தேவையா?' என்று அதே செயற்குழு கேட்கும். 'பின்னர்' என்பதன் பொருள் 'ஒருபோதும் இல்லை' என்பதே.

நான்காம் சாக்கு: 'ஆங்கிலம் இல்லாமல் வங்கியும் வரித்துறையும் வெளிமாநில வணிகமும் நடவா.' நடவா என்பது மெய்யே. ஆங்கிலத்தை வேண்டுமிடத்தில் வைத்துக்கொள்வதை எவரும் தடுக்கவில்லை. வெளியாருக்கு எழுதும் மடல் வெளியார் மொழியில் இருக்கட்டும். தன் உறுப்பினர்க்கு எழுதும் மடல் எவர் மொழியில் இருத்தல் வேண்டும்? வந்த விருந்தினர்க்கு நாற்காலி இடுவது பண்பாடு. அதற்காகப் பெற்ற தாயைத் திண்ணையிலிருந்து எழுப்பித் தெருவுக்கு அனுப்புவது எவ்வூர்ப் பண்பாடு?

தமிழ்ப்பற்றாளர்க்கும் ஒரு சொல்

பழி முழுவதையும் செயற்குழுவினர் தலையில் ஏற்றிவிட்டுத் தமிழ்ப்பற்றாளர் ஒதுங்கிக்கொள்ளல் ஆகாது.

தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் நெறிமுறைகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக நிற்றல் வேண்டும். அதற்காகப் பல்லாண்டு போராடியோர் உளர், அப்போராட்டம் வேண்டியதே. ஆனால் பலகை வாயிலில் நிற்பது. பதிவேடு உள்ளே இருப்பது. வாயிலில் தமிழை ஏற்றிவிட்டோம் என்று மகிழ்ந்திருக்கையில், உள்ளறை முழுவதும் ஆங்கிலம் பரவியதைக் காணாதிருந்தது யார் குற்றம்?

வேறொரு குற்றமும் உண்டு. கடந்த காலத்தில் கழகத் தீர்மானங்களையும் அறிவிப்புகளையும் தமிழில் தட்டச்சிட்டோர், ஆளுக்கொரு எழுத்துருவைக் கையாண்டனர். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பகரம் பொருளற்ற குறிகளே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் கிடைத்தும், 'என் எழுத்துருவே அழகு' என்று பிடிவாதம் பிடித்தோரால், இருபதாண்டுத் தமிழ் ஆவணங்கள் படிப்பாரின்றிக் கிடக்கின்றன. 'தமிழ் கணினிக்கு ஆகாது' என்பாரின் கையில் கோல் எடுத்துக் கொடுத்தவர் இவர்களே.

சொல்லாக்கத்திலும் கருத்து வேண்டும். பற்று, வரவு, இருப்பு, நிலுவை, பேரேடு, ஐந்தொகை என வணிகர் வாயில் வழங்கும் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. அவற்றை விடுத்து, அகரமுதலியைப் புரட்டினாலும் விளங்காத சொற்களைத் திரையில் இட்டால், வணிகர் ஆங்கிலப் பொத்தானையே அழுத்துவார். தூய்மையும் தெளிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் வேண்டும்.

செய்யும் முறை

இனிச் செய்யவேண்டுவது யாது? கணினி மாற்றத்தைத் தொடங்கும் கழகத்தார் பின்வரும் வரிசையில் செய்க.

முதற்கண், உறுப்பினரைக் கேட்டறிக. எதை அடிக்கடி நாடுகின்றனர், எதற்கு அலுவலகத்துக்கு அலைகின்றனர், எதைக் கைப்பேசியில் பெற விழைகின்றனர் என்று எழுதி வாங்குக. திரைப்படம் காட்டுபவர் சொல்லும் தேவை கழகத்தின் தேவையன்று.

அடுத்து, தேவைப் பட்டியலின் முதல் வரியாகத் தமிழை எழுதுக. படிவம், பற்றுச்சீட்டு, அறிவிப்பு, அறிக்கை, தேடல் ஆகிய ஐந்தும் தமிழில் இயங்கல் வேண்டும் என்றும், இயங்கிக் காட்டியபின்னரே இறுதித் தவணை தரப்படும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுக. காசு கையில் இருக்கும்வரைதான் சொல்லுக்கு எடை.

பெயர்களை உறுப்பினர் தம் கையாலேயே தமிழில் எழுதித் தரப் பெறுக. ஆங்கில வடிவம் இரண்டாம் கட்டத்தில் நிற்கட்டும். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியபின், கருவியை மட்டும் நம்பாது, தமிழ் அறிந்தார் கண்ணால் ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்க.

அகரவரிசையை ஆய்ந்து பார்க்க. மென்பொருள் செய்தவர் தமிழ் நெடுங்கணக்கை அறியாதவராயின், ஒருங்குறி எண்ணின் வரிசையிலேயே பெயர்களை அடுக்கிவிடுவார். அவ்வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்னே வந்துவிடும். றகரம் லகரத்துக்கு முன்னே வந்துவிடும். வகரம் ழகரத்துக்குப் பின்னே தள்ளப்படும். சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே வடவெழுத்து ஒன்று புகுந்து நிற்கும். தமிழ் வரிசைப்படி அடுக்கும் முறை உண்டு; கேட்டுப் பெறுக.

புதிய கணினி வந்த அன்றே பழைய பேரேட்டை மூடற்க. சில திங்கள் இரண்டும் உடன் ஓடட்டும். ஐந்தொகை இரண்டிலும் ஒத்து வந்தபின்னரே பேரேட்டைப் பரணேற்றுக.

தரவு கழகத்தின் உடைமை என்பதை எழுத்தில் பெறுக. வேண்டும்போது முழுத் தரவையும் பொதுவடிவில் எடுத்துக்கொள்ளும் உரிமை, நாள்தோறும் வேறிடத்தில் படியெடுத்து வைக்கும் ஏற்பாடு, கடவுச்சொல் கழகப் பொறுப்பாளர் இருவரிடமேனும் இருத்தல் ஆகியவை இன்றேல், கழகம் தன் வீட்டிலேயே வாடகைக்கு இருப்பதாகும். 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய எண்முறைத் தனியாள் தரவுக் காப்புச் சட்டமும், தரவு பெறுவோர் தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை மக்கட்கு அளித்தல் வேண்டும் என்கின்றது. அவ்வட்டவணையில் தமிழ் உண்டு. சட்டமே கதவைத் திறந்துவைக்கையில், உள்ளே வரத் தயங்குவது ஏன்?

இறுதியாக, அலுவலர்க்கும் முதிய உறுப்பினர்க்கும் தமிழிலேயே பயிற்சி தருக. தமிழ்99 விசைப்பலகையில் உயிர் ஒருபுறம், மெய் ஒருபுறம். மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய் தானே அமையும். தொல்காப்பியம் கூறும் எழுத்திலக்கணமே விரல்நுனியில் இயங்குகின்றது. தமிழ் எழுதத் தெரிந்த எவருக்கும் அது சில நாளில் கைவரும்.

பொதுக்குழுவில் எழுக

கழகம் செயற்குழுவின் உடைமையன்று, உறுப்பினரின் உடைமை. ஆதலின் வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு தமிழ் வணிகரும் எழுந்து மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: என் பெயர் பதிவேட்டில் தமிழில் உள்ளதா? என் பற்றுச்சீட்டு எனக்குத் தமிழில் வருமா? நம் தரவு நம் கையில் உள்ளதா?

மூன்றில் ஒன்றுக்கேனும் 'இல்லை' என்னும் விடை வருமாயின், வரவுசெலவு அறிக்கையை ஏற்கும் கை எழாதிருக்கட்டும். ஓராண்டு இவ்வாறு ஒரே ஒரு கழகத்தில் நிகழ்ந்தால் போதும். மறு ஆண்டு மென்பொருள் விற்பவர் தமிழைத் தாமே முதலில் காட்டுவார்.

பாரூசுத் துறையில் 1088இல் உளியெடுத்த கைக்கு இத்துணை ஏந்துகள் இல்லை. கல் கடினமானது, கடல் நெடியது, மண் அயலாருடையது. ஆயினும் அக்கை தமிழை எழுதியது. இன்று உளி வேண்டா, விரல் போதும். அவ்விரலை அசைப்பதற்கு வேண்டிய உள்ளம் தமிழ் வணிகர்க்கு உண்டா என்பதே வினா. விடை அவர்தம் அடுத்த பற்றுச்சீட்டில் அச்சாகட்டும்!